ஹிகாரு நகமுரா பிளிட்ஸ் ஆடும் விதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆன்லைன் செஸ் பார்க்க ஆரம்பிக்கும் எவரும் இரண்டு வாரத்துக்குள் ஹிகாரு நகமுராவிடம் வந்து நிற்பார்கள். அப்புறம் ஒரே மாதிரியான கேள்விகள்தான் வரும். ஏன் கூரையைப் பார்க்கிறார், ஏன் இவ்வளவு பேசுகிறார், மவுஸ் வேகத்தில்தான் ஜெயிக்கிறாரா, குகேஷின் ராஜாவை ஏன் எறிந்தார். தனித்தனியாகப் பதில் சொல்லிச் சலித்துப்போய் எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிட்டேன்.

முதலில், யார் இவர்?

1987 டிசம்பர் 9 அன்று ஜப்பானில், ஒசாகா பக்கம் ஹிரகடா என்ற ஊரில் பிறந்தவர். அப்பா ஜப்பானியர், அம்மா அமெரிக்கர். இரண்டு வயதில் அமெரிக்கா போய்விட்டார். செஸ்ஸில் அவரை வளர்த்தவர் மாற்றாந்தந்தை சுனில் வீரமந்திரி. இலங்கையில் பிறந்தவர், ஃபிடே (உலகச் செஸ் கூட்டமைப்பு) தரும் மாஸ்டர் பட்டம் பெற்றவர், அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுப்பதில் பெயர் எடுத்தவர். நகமுரா 2003இல், 15 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். பாபி ஃபிஷர் வைத்திருந்த அமெரிக்கச் சாதனை அப்போது சுமார் மூன்று மாத வித்தியாசத்தில் உடைந்தது. அமெரிக்க சாம்பியன் பட்டம் ஐந்து முறை.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2020க்குப் பிறகு பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் இவரை "ஸ்ட்ரீமர், கொஞ்சம் நன்றாக ஆடுவார்" என்றே நினைக்கிறார்கள். 2011இல் நெதர்லாந்தின் வைக் ஆன் ஜேயில் நடந்த டாட்டா ஸ்டீல் போட்டியில் ஆனந்த், கார்ல்சன், அரோனியன், க்ராம்னிக் எல்லோரும் ஆடினார்கள். முதல் இடம் இவருக்கு. 2015 அக்டோபரில் கிளாசிக்கல் (மணிக்கணக்கில் ஓடும் முழு நேர ஆட்டம்) ரேட்டிங், அதாவது வலிமைப் புள்ளி, 2816. உலகத் தரவரிசையில் இரண்டாம் இடம் வரை போயிருக்கிறார். பிளிட்ஸில் நாம் பார்க்கும் வேகத்துக்கு அடியில் இந்த அறிவு இருக்கிறது.

பிளிட்ஸ் என்றால் சரியாக எவ்வளவு நேரம்?

ஃபிடே கணக்கில் ஒருவருக்குப் பத்து நிமிடம் அல்லது அதற்குக் குறைவு. ஆன்லைனில் பெரும்பாலும் ஐந்து நிமிடம் அல்லது மூன்று நிமிடம். செஸ்.காம் தளத்தில் கிராண்ட்மாஸ்டர் போன்ற செஸ் பட்டம் பெற்றவர்களுக்காக நடக்கும் டைட்டில்டு ட்யூஸ்டேயில் பல வருடமாக ஓடியது மூன்று நிமிடமும், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு நொடி கூடுதலும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆட்டம் 60 நகர்த்தல் போனால் 180 நொடியோடு 60 நொடி சேரும், மொத்தம் 240. ஒரு நகர்த்தலுக்கு நான்கு நொடி. முதல் பத்து நகர்த்தலை மனப்பாடத்திலிருந்து பத்து நொடியில் ஆடிவிட்டால் மிச்சம் இருக்கும் ஐம்பதுக்கு நாலரை நொடி சொச்சம் கிடைக்கும். நடுவில் ஒரே ஒரு இடத்தில் நாற்பது நொடி யோசித்துவிட்டால் மற்றதெல்லாம் நாலு நொடிக்கும் கீழே போய்விடும். நகமுரா பாணி என்று நாம் பேசுவதில் பெரும்பகுதி இந்தக் கணக்கிலிருந்தே வருகிறது.

அவர் தாக்குதல் ஆட்டக்காரரா, தற்காப்பு ஆட்டக்காரரா?

இளம் வயதில் நிச்சயம் தாக்குதல்தான். கிங்ஸ் இந்தியன் என்ற ஓப்பனிங் (ஆட்டத்தின் ஆரம்ப நகர்த்தல் வரிசை) ஆடி, ராஜா பக்கம் சிப்பாய்களை அள்ளிவிட்டு, எதிராளி ராணி பக்கம் என்ன தின்றாலும் கவலைப்படாமல் போகிற ஆட்டம். அந்தப் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்றைய ஆன்லைன் ஆட்டங்களைப் பத்து இருபது வரிசையாகப் பார்த்தால் படம் வேறு. பெரும்பாலான ஆட்டங்களில் அவர் எதையும் தியாகம் செய்வதில்லை. காய்களை நல்ல கட்டங்களில் வைப்பார், ராஜாவைப் பத்திரப்படுத்துவார், எதிராளி ஏதாவது செய்யட்டும் என்று விட்டுவிடுவார்.

என் கருத்தில் அவருடைய உண்மையான பலம் மலிவாக முடிவெடுப்பது. ஒரு நிலையில் மிகச் சிறந்த நகர்த்தல் ஒன்று இருக்கும், அதைக் கண்டுபிடிக்க முப்பது நொடி ஆகும். அதைவிடச் சற்றுக் குறைந்த, ஆனால் எந்த ஆபத்தும் இல்லாத இன்னொன்று இரண்டு நொடியில் கிடைக்கும். நகமுரா கிட்டத்தட்ட எப்போதும் இரண்டாவதையே ஆடுவார். கம்ப்யூட்டர் அதற்குக் கால் சிப்பாய் அளவு குறை சொல்லலாம், ஆனால் கடிகாரத்தில் 28 நொடி லாபம். இப்படி ஐந்து முறை நடந்தால் எதிராளி கையில் இருபது நொடி, இவர் கையில் ஒன்றரை நிமிடம், நிலை ஏறக்குறைய சமம். அந்த இடத்தில்தான் ஆட்டம் நிஜமாக ஆரம்பிக்கிறது, அப்போது ராணிகளை மாற்றிக்கொண்டு விஷயத்தை எளிதாக்க அவர் விடவே மாட்டார்.

மோசமான நிலைக்குப் போனால்? இதைத்தான் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். நாமெல்லாம் ஒரு குதிரை போனதும் மனம் தளர்ந்து நாலு நகர்த்தலில் முடித்துக்கொள்வோம். அவர் ஒவ்வொரு நகர்த்தலிலும் எதிராளிக்குப் புதிதாக ஒரு வேலை கொடுப்பார். இங்கே ஒரு செக், அங்கே ஒரு சிப்பாய்க்குக் குறி, பிறகு சும்மா யானையை ஒரு கட்டம் தள்ளிவிட்டு "இப்போ என்ன?" என்பது மாதிரி. எதுவும் பெரிய மிரட்டல் கிடையாது, ஆனால் எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்தாக வேண்டும், பார்ப்பதற்கு நேரம் ஆகும். தோற்றே ஆக வேண்டிய ஆட்டங்களை அவர் காப்பாற்றுவது பெரும்பாலும் இந்த வழியில்தான், மந்திரம் ஒன்றும் இல்லை.

ஆட்டத்தின் நடுவே ஏன் மேலே பார்க்கிறார்?

கூரையில் ஒன்றும் எழுதி ஒட்டவில்லை, நம்புங்கள்.

திரையில் இருப்பது இப்போதைய நிலை. அவர் கணக்குப் போடுவது ஆறேழு நகர்த்தலுக்குப் பிறகு வரும் நிலையை. கண்முன்னே உள்ள காய்கள் அந்தக் கற்பனைப் பலகைக்கு இடைஞ்சல், அதனால் பார்வையை வேறு எங்காவது திருப்ப வேண்டியிருக்கிறது. சிலர் கண்ணை மூடுவார்கள், சிலர் அரங்கத்தின் மூலையை வெறிப்பார்கள், உக்ரைன் கிராண்ட்மாஸ்டர் இவான்சுக் கூரையைப் பார்ப்பது நேரடிப் போட்டிகளில் ஊரறிந்த விஷயம். கேமரா முன்னால் செய்வதால் நகமுராவுக்கு இது அடையாளமே ஆகிவிட்டது.

பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சாதாரண நகர்த்தல்களுக்கு அவர் மேலே பார்ப்பதே இல்லை. பேச்சு ஓடிக்கொண்டிருக்கும், கண் திரையில் இருக்கும், கை தானாக ஆடும். திடீரென்று பேச்சு நிற்கும், தலை சற்றுப் பின்னால் சாயும், கண்கள் மேலே போய் இடமும் வலமுமாக லேசாக அசையும், உதடு மட்டும் முணுமுணுக்கும். ஐந்தாறு நொடி. அப்புறம் கீழே பார்த்து ஒரு நகர்த்தல், அதைத் தொடர்ந்து மூன்று நான்கு நகர்த்தல் படபடவென்று. அந்த ஐந்தாறு நொடியில்தான் ஆட்டம் தீர்மானமாகியிருக்கும். அந்த இடத்தில் வீடியோவை நிறுத்திவிட்டு நீங்களே யோசித்துப் பாருங்கள், ஒரு புத்தகம் படித்த அளவுக்குப் பயன் உண்டு.

பேசிக்கொண்டே ஆடினால் கவனம் சிதறாதா?

நமக்குச் சிதறும். அவருக்குப் பேச்சில் பெரும்பகுதி யோசனையின் ஒலி வடிவம். "டேக்ஸ், டேக்ஸ், டேக்ஸ், இங்கே, அங்கே, செக், முடிஞ்சுது" என்று (டேக்ஸ் என்றால் வெட்டு) ஓடும் வரிசையில் எந்தக் காய் எந்தக் கட்டம் என்றுகூடச் சொல்வதில்லை, அம்புக்குறிகளைப் பலகை முழுக்க இழுத்துவிட்டு அழிப்பார். பார்ப்பவருக்குப் பாதி புரியாது, அது வேறு விஷயம். பாடம் நடத்துவதாக நினைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். பிளிட்ஸ் ஆடியபடியே மாணவருக்குச் சொல்வது போல நிதானமாக விளக்கியவர் டேனியல் நரோடிட்ஸ்கி. 2025 அக்டோபரில் 29 வயதிலேயே அவர் போய்விட்டது இன்னும் நம்ப முடியாத செய்தி. இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் ஒரே வேகத்துக்கு இரண்டு விதமான மனங்கள் எப்படி வேலை செய்கின்றன என்பது தெரியும்.

எந்த ஓப்பனிங் ஆடுகிறார்?

எல்லாமே. சும்மா தப்பிப்பதற்காக இப்படிச் சொல்லவில்லை. பிளிட்ஸில் ஒரே ஓப்பனிங்கை ஆயிரம் முறை ஆடினால் எதிராளி தயாராகி வந்துவிடுவார், அதனால் மாற்றிக்கொண்டே இருப்பார். ஆனாலும் அடிக்கடி கண்ணில் படும் ஒன்று, வெள்ளையில் முதல் நகர்த்தலிலேயே பி3 (பி வரிசைச் சிப்பாயை ஒரு கட்டம் முன்னால் தள்ளுவது), அல்லது குதிரையை எஃப்3இல் வைத்துவிட்டுப் பிறகு பி3. பிஷப்பை பி2இல் உட்காரவைத்துவிட்டு மெதுவாக ஆரம்பிக்கும் ஓப்பனிங். கோட்பாட்டுப்படி இதில் வெள்ளைக்குப் பெரிய லாபம் எதுவும் இல்லை. ஆனால் எதிராளி மனப்பாடம் செய்து வைத்த இருபது நகர்த்தலும் குப்பைக்குப் போய்விடும், நாலாவது நகர்த்தலிலிருந்தே சொந்தமாக யோசிக்க வேண்டும், கடிகாரம் ஓடும். மேலே சொன்ன 240 நொடிக் கணக்கு ஞாபகம் இருக்கிறதா, அதேதான்.

இரண்டாவது நகர்த்தலிலேயே ராணியை வெளியே கொண்டுவருவாராமே, உண்மையா?

உண்மை, அதுவும் நம்ம ஊர்க்காரரிடம். 2005இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனிலும் ஸ்வீடனின் மால்மோவிலும் சேர்த்து நடந்த போட்டியில் சென்னை கிராண்ட்மாஸ்டர் கிருஷ்ணன் சசிகிரணுக்கு எதிராக, இருவரும் ராஜாவுக்கு முன்னால் உள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளியதும் (இ4 இ5), அடுத்து ராணி எச்5. செஸ் கற்றுக்கொண்ட முதல் வாரத்தில் எல்லோரும் ஆடி, மாஸ்டரிடம் திட்டு வாங்கிய அதே நகர்த்தல். பிளிட்ஸ்கூட இல்லை, முழு நேரக் கிளாசிக்கல் ஆட்டம், நகமுராவுக்கு அப்போது 17 வயது. சசிகிரண் பதறவில்லை, ஒழுங்காகக் காய்களை வெளியே எடுத்தார். நகமுராவுக்கும் ஓப்பனிங்கிலிருந்து மோசமான நிலை ஒன்றும் வரவில்லை, நீண்ட ஆட்டத்துக்குப் பிறகுதான் தோற்றார்.

சரி, போங்கிளவுட்?

இ4 ஆடிவிட்டு அடுத்த நகர்த்தலில் ராஜாவை இ2க்கு எடுத்து வைப்பது. கேஸ்லிங் (ராஜாவை யானையோடு சேர்த்து ஓரமாகப் பத்திரப்படுத்தும் நகர்த்தல்) போச்சு, ராணிக்கும் பிஷப்புக்கும் வழியை அடைத்தாச்சு, இதைவிட மோசமான இரண்டாவது நகர்த்தல் கண்டுபிடிப்பது கஷ்டம். நகமுரா இதைத் தன் ஸ்ட்ரீமில் வேண்டுமென்றே ஆடி ஆடி, வலிமையான ஆட்களையும் ஜெயித்துக் காட்டிப் பிரபலமாக்கினார். 2021 மார்ச்சில் மேக்னஸ் கார்ல்சன் இன்விடேஷனல் போட்டியில், இருவருமே அடுத்த சுற்றுக்குத் தகுதி பெற்றுவிட்ட நிலையில், கார்ல்சன் ராஜாவை இ2க்கு எடுத்தார். நகமுரா சிரித்துக்கொண்டே தன் ராஜாவை இ7க்கு எடுத்தார். ஒரே நிலை மூன்று முறை, டிரா. ஒளிபரப்பில் இருந்த வர்ணனையாளர்கள் சிரித்து முடிக்கவே நேரம் ஆனது.

ராணியை ஆரம்பத்திலேயே வேண்டுமென்று இழந்துவிட்டு ஆடும் வீடியோ தொடர் ஒன்றும் உண்டு. இவற்றை வேடிக்கை என்று தள்ளிவிடலாம், ஆனால் எனக்கு இவற்றில் தெரிவது அவருடைய பாணியின் எக்ஸ்ரே. ராணி இல்லாமலே எப்படி ஜெயிக்கிறார் என்று பாருங்கள்: காய்களை மாற்றிக்கொள்ள மாட்டார், பலகையை நெருக்கமாக வைத்துக்கொள்வார், எதிராளி வசதியாக இருக்கும் இடங்களைத் தவிர்ப்பார், நேரத்தைச் சேமிப்பார். கார்ல்சனுக்கு எதிரே மோசமான நிலையில் இருக்கும்போதும் செய்வது இதையேதான்.

எதிராளியை நேரத்தில் வெளியேற்றி ஜெயிப்பது நியாயமா?

எனக்கு இதில் சந்தேகமே கிடையாது, நியாயம். மூன்று நிமிடம் என்று ஒப்புக்கொண்டுதானே இருவரும் உட்கார்ந்தீர்கள்? யானை, பிஷப் போல நேரமும் ஒரு பொருள். நல்ல நிலையை வாங்க நீங்கள் நேரத்தைச் செலவழித்தீர்கள், அவர் செலவழிக்கவில்லை. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு நொடி சேரும் ஆட்டங்களில் வெறுமனே யானையை அங்கும் இங்கும் தள்ளி நேரத்தில் கொல்வது அவ்வளவு சுலபமும் இல்லை.

ப்ரீமூவ் பற்றிச் சுருக்கமாக: எதிராளி ஆடுவதற்கு முன்பே உங்கள் அடுத்த நகர்த்தலைப் போட்டு வைப்பது. செஸ்.காமில் அதற்கு 0.1 நொடி கழியும், வரிசையாகப் பல ப்ரீமூவ் போடலாம். லிச்செஸ் என்ற இன்னொரு தளத்தில் நேரமே கழியாது, ஆனால் ஒன்றுதான் போட முடியும். நகமுரா இரண்டு விதத்தில் இதைப் பயன்படுத்துவார். ஒன்று, எதிராளி வேறு எதுவும் ஆட முடியாத இடத்தில், திருப்பி வெட்டியே ஆக வேண்டிய இடம் மாதிரி. இன்னொன்று, எதிராளி எதை ஆடினாலும் கெடாத நகர்த்தல், ராஜாவை மூலைக்குத் தள்ளுவது போல. நாம் செய்வது மூன்றாவது விதம், ஆசையில் போடுவது. எதிராளி வேறு எதையோ ஆடுவார், நம் ராணி தானாகப் போய் சிப்பாய் வாயில் விழும்.

இதைப் பற்றி அவரே புல்லட் செஸ்ஸுக்காக (ஒருவருக்கு ஒரு நிமிட அளவில் ஆடுவது) ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார், புரூஸ் ஹார்பருடன் சேர்ந்து, 2009இல். அந்தக் காலத்திலேயே இதைப் பாடமாக எழுதும் அளவுக்கு யோசித்து வைத்திருந்தார் என்பதுதான் விஷயம்.

கம்ப்யூட்டரையே பிளிட்ஸில் தோற்கடித்தாராமே?

2008, ரிப்கா. அன்றைக்கு உலகின் மிக வலிமையான செஸ் இன்ஜின் அதுதான். இடம் இன்டர்நெட் செஸ் கிளப், இளமையில் அவர் இரவு பகலாகக் கிடந்த இடம், அங்கே அவர் பெயர் ஸ்மால்வில். மூன்று நிமிட ஆட்டம், நகமுராவுக்குக் கறுப்பு. சிப்பாய்களை எல்லாம் ஒன்றோடொன்று முட்டவைத்துப் பலகையை முழுக்க அடைத்துவிட்டார். எந்தப் பக்கமும் வழி இல்லை. மனிதர்களாக இருந்தால் டிரா என்று கை கொடுத்திருப்பார்கள்.

இங்கேதான் குறும்பு. ரிப்கா கணக்கில் காய் பலம் தன் பக்கம் அதிகம், ஏனென்றால் நகமுரா தன் காயை வேண்டுமென்றே விட்டுக்கொடுத்திருந்தார். சிப்பாய் நகராமல், வெட்டு விழாமல் ஐம்பது நகர்த்தல் போனால் டிரா என்பது விதி. "நான்தானே முன்னிலையில் இருக்கிறேன், டிரா ஏன்?" என்று இன்ஜின் ஐம்பதை நெருங்கும்போது ஒரு சிப்பாயைத் தானே நகர்த்தி அடைப்பைத் திறந்துவிட்டது. திறந்த பக்கமெல்லாம் நகமுராவின் காய்கள் தயாராக நின்றன. 271 நகர்த்தல், வெற்றி. கடைசியில் சிப்பாய்களை ராணியாக்காமல் வரிசையாகப் பிஷப்புகளாக்கிக் கேலி வேறு. மூன்று நிமிடக் கடிகாரத்தில் 271 நகர்த்தல் ஆட கை எவ்வளவு வேகம் வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இன்றைய இன்ஜின்களிடம் இந்த வித்தை பலிக்காது.

ஆன்லைன் பிளிட்ஸில் கார்ல்சனைவிட இவர் பெரியவரா?

சண்டை மூட்டும் கேள்வி, இருந்தாலும் எண்களைச் சொல்கிறேன். செஸ்.காமின் ஸ்பீட் செஸ் சாம்பியன்ஷிப்பில் 2016, 2017 கார்ல்சன். 2018 முதல் 2022 வரை தொடர்ந்து ஐந்து முறை நகமுரா. அதில் 2022 இறுதிப் போட்டி கார்ல்சனுக்கு எதிராகவே, 14.5க்கு 13.5. அடுத்த வருட இறுதியில் கார்ல்சன் திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்போதைய வடிவம் தெரிந்தால்தான் இதன் கனம் புரியும்: ஐந்து நிமிட ஆட்டங்கள் ஒன்றரை மணி நேரம், மூன்று நிமிட ஆட்டங்கள் ஒரு மணி நேரம், ஒரு நிமிட ஆட்டங்கள் அரை மணி நேரம், எல்லாம் ஒரே மூச்சில்.

என் கணிப்பு: நிலையைப் புரிந்துகொள்வதில் கார்ல்சன் ஒரு படி மேல். மூன்று மணி நேரம் அதே சூட்டோடு உட்கார்ந்திருப்பதிலும், ஒரு தோல்விக்குப் பிறகு அடுத்த ஆட்டத்தை ஒன்றும் நடக்காதது போல ஆரம்பிப்பதிலும் நகமுரா மேல். நம்ம பக்கத்திலிருந்து வருபவர்களில் வேகத்தில் எனக்குப் பிடித்தவர் திருச்சூரின் நிஹால் சரின். ஜூனியர் ஸ்பீட் செஸ் சாம்பியன்ஷிப்பை 2020, 2021 இரண்டிலும் ஜெயித்தவர், நேரமே போகாதது போல ஆடுவார்.

க்ராம்னிக் இவர் மேல் சந்தேகம் கிளப்பினாரே, என்ன ஆனது?

2023 கடைசியில் முன்னாள் உலக சாம்பியன் விளாடிமிர் க்ராம்னிக், நகமுரா தொடர்ந்து 46 ஆட்டங்களில் 45.5 புள்ளி எடுத்த ஒரு வரிசையைக் காட்டி, இது இயல்பா என்பது போலக் கேட்டார். செஸ்.காம் ஆராய்ந்துவிட்டு அதில் தவறு எதுவும் இல்லை என்று சொன்னது. எனக்கும் அதில் வியப்பு இல்லை. எதிரே ஆடியவர்கள் ரேட்டிங்கில் அவரைவிட வெகு கீழே. அதோடு பல்லாயிரம் ஆட்டம் ஆடிய ஒருவரின் பட்டியலில் மிக அழகான ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்துவைத்து "இது எப்படி நடந்தது" என்று கேட்டால், அத்தனை ஆடினால் எங்காவது ஓரிடத்தில் நடந்தே தீரும் என்பதுதான் பதில்.

ஆன்லைன் பழக்கம் நேரடி ஆட்டத்தில் காலை வாரியிருக்கிறதா?

காலைவிடக் கையை வாரியிருக்கிறது என்று சொல்லலாம். 2015 பாகு உலகக் கோப்பையில் வேக ஆட்டத்தில் இரண்டு கைகளாலும் கேஸ்லிங் செய்தார், ராஜாவை ஒரு கை, யானையை ஒரு கை. விதிப்படி ஒரே கையால்தான் ஆட வேண்டும். எதிரே ஆடிய ரஷ்யாவின் நெபோம்னியாச்சி தோற்ற பிறகு புகார் கொடுத்தார், ஏற்கப்படவில்லை.

2016இல் மாஸ்கோவில், உலக சாம்பியனுக்குச் சவால் விடுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியில் நடந்தது இன்னும் வலி. அரோனியனுக்கு எதிராக யானை எண்ட்கேம் (ஆட்டத்தின் கடைசிக் கட்டம்), கவனமாக ஆடினால் காப்பாற்றலாம். நகமுரா ராஜாவைத் தொட்டார், தொட்டவுடனே தப்பு என்று தெரிந்து கையை எடுத்துவிட்டு, காயைச் சரிசெய்ததாகச் சொல்லப் பார்த்தார். அரோனியன் விடவில்லை, நடுவர் வந்தார், தொட்ட காயை நகர்த்தித்தான் ஆக வேண்டும். ஆட்டம் போனது. மவுஸில் பிடித்த காயைத் திரும்ப அதே கட்டத்தில் விட்டுவிடலாம், மரப்பலகை அப்படி மன்னிக்காது. அவர் அன்று தடுமாறியதற்கு ஆன்லைன்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், கேண்டிடேட்ஸ் அழுத்தத்தில் யாருக்கும் நடக்கலாம்.

குகேஷின் ராஜாவைக் கூட்டத்தில் எறிந்தது ஏன்?

2025 அக்டோபர் 4, டெக்சாஸ் மாகாணம் ஆர்லிங்டனில் அமெரிக்கா இந்தியா மோதல். அமெரிக்கா ஐந்துக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தது. புல்லட் ஆட்டத்தில் குகேஷை வென்றதும் நகமுரா எழுந்து, குகேஷின் ராஜாவை எடுத்துப் பார்வையாளர்கள் பக்கம் வீசினார். நம்ம ஊரில் பலருக்குக் கொதித்தது. கூச்சல், ஆர்ப்பாட்டம் எல்லாம் வேண்டும் என்று ஏற்பாட்டாளர்களே ஊக்குவித்த காட்சிப் போட்டி அது என்பதும் பின்னால் வெளியே வந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை, அவ்வளவுதான், அவமதிப்பு என்று கொடி பிடிக்கும் அளவுக்கும் போக மாட்டேன். அதே மாதக் கடைசியில் செயின்ட் லூயிஸில் நடந்த கிளட்ச் செஸ் போட்டியில் குகேஷ் நகமுராவை வென்றார். வென்றுவிட்டு, எப்போதும் போலக் காய்களை ஒவ்வொன்றாக அதனதன் கட்டத்தில் அடுக்கி வைத்தார்.

இதை வைத்து இருவருக்கும் ஜென்மப் பகை என்று நினைக்க வேண்டாம். 2024 டொராண்டோ கேண்டிடேட்ஸின் கடைசிச் சுற்றில் நகமுராவுக்கு வெள்ளை, ஜெயித்தால்தான் வாய்ப்பு. குகேஷ் பாறை மாதிரி நின்று டிரா எடுத்துப் போட்டியையே ஜெயித்தார்.

"எனக்குக் கவலையே இல்லை" என்று எப்போதும் சொல்கிறாரே, நிஜமா?

அது ரசிகர்கள் நடுவே நகைச்சுவையாகவே ஆகிவிட்ட வசனம். 2020 ஊரடங்கில் ட்விட்ச் என்ற நேரலைத் தளத்தில் கூட்டம் குவிந்தது, அந்த ஆகஸ்டில் டிஎஸ்எம் என்ற இ-ஸ்போர்ட்ஸ் அணி அவரை ஒப்பந்தம் செய்தது. வருமானம் செஸ் பரிசுப் பணத்தை நம்பி இல்லை, ஸ்ட்ரீமிங்தான் தொழில் என்று அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். அழுத்தம் குறைந்ததால் ஆட்டம் மேம்பட்டது என்பதை நான் நம்புகிறேன். இரண்டு வருடத்துக்கும் மேல் கிளாசிக்கல் ஆடாமல் இருந்தவர் 2022இல் திரும்பி வந்து ஃபிடே கிராண்ட் பிரீயை ஜெயித்து கேண்டிடேட்ஸுக்கே போனார். ஆனால் கவலையே இல்லாதவர் 2025இல் ரேட்டிங் மூலம் கேண்டிடேட்ஸ் இடம் பிடிக்க, அதற்குத் தேவையான ஆட்ட எண்ணிக்கை குறையாமல் இருக்க, லூசியானா, அயோவா என்று சின்னச் சின்ன மாநிலப் போட்டிகளில் போய் உட்கார்ந்து ஆடுவாரா? விதிக்குள்தான் செய்தார், சிலர் முகம் சுளித்தார்கள், எனக்குச் சிரிப்புதான் வந்தது.

நான் 1200 ரேட்டிங். இவர் மாதிரி ஆடிப் பழகலாமா?

பி3 ஆடலாம், தப்பில்லை. வேகத்தைப் பின்பற்றாதீர்கள். அவர் இரண்டு நொடியில் ஆடும் நகர்த்தல் சின்ன வயதிலிருந்து பார்த்த லட்சக்கணக்கான நிலைகளிலிருந்து வருகிறது, நீங்கள் இரண்டு நொடியில் ஆடினால் அது வெறும் இரண்டு நொடி நகர்த்தல். எடுத்துக்கொள்ள வேண்டியவை வேறு. தோற்கும் நிலையில் சட்டென்று கைவிடாமல் எதிராளிக்கு வேலை கொடுப்பது, அதை இன்றைக்கே செய்யலாம். நல்ல நகர்த்தல் கிடைத்தபின் அதைவிட நல்லது தேடி நேரத்தை எரிக்காமல் இருப்பது, இதுவும் 1200க்குப் பொருந்தும். மூன்று நிமிடத்துக்குப் பதில் ஐந்து நிமிடமும் மூன்று நொடிக் கூடுதலும் வைத்து ஆடுங்கள், தொடர்ந்து மூன்று தோற்றால் எழுந்து போய்விடுங்கள். அவர் எழுந்து போக மாட்டார், அவருக்கு அது பிழைப்பு.

எந்த ஆட்டங்களிலிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம்?

2007 பார்சிலோனாவில் மிகால் க்ராசென்கோவுக்கு எதிராக, கறுப்பில், ராணியைக் கொடுத்து எதிராளி ராஜாவைப் பலகையின் நடுவுக்கு இழுத்துவந்த ஆட்டம். 2010இல் துருக்கியின் பர்சாவில் கெல்ஃபாண்டுக்கு எதிரான கிங்ஸ் இந்தியன், பழைய நகமுரா முழுசாக அதில் இருக்கிறார். பிறகு ரிப்கா ஆட்டம், 271 நகர்த்தலையும் பார்க்க வேண்டாம், பலகை அடைபடும் வரைக்கும் பார்த்துவிட்டு அது திறக்கும் இடத்துக்குத் தாவுங்கள். கடைசியாக 2022 ஸ்பீட் செஸ் இறுதிப் போட்டி, அதுவும் முகம் தெரியும் வீடியோவாகத் தேடிப் பாருங்கள், வெறும் நகர்த்தல் பட்டியலில் கூரையைப் பார்ப்பதெல்லாம் வராது.